நானூறு பெயர்களை எங்கே வைப்பது?

"நம்மள மாதிரி ஆளுக அப்ப என்ன டீச்சர் செஞ்சுக்கிட்டு இருந்திருப்பாங்க?"

ராசிங்காபுரத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து 'பொன்னியின் செல்வன்' வாசிக்கிறேன். எல்லோரும் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்கள். பாதிப் பேருடைய அம்மாக்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். எங்கள் வாசிப்பு முடிகிற நேரமும் ஜீப் திரும்பி வருகிற நேரமும் ஏறத்தாழ ஒன்று. மேலே உள்ள கேள்வியைக் கேட்டவள் அப்போது பத்தாம் வகுப்பு. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தைத்தான் அன்று முடித்திருந்தோம். ஆடிப்பெருக்கு, புது வெள்ளம், கூட்டம் கூட்டமாகப் பெண்கள். "அந்தக் கூட்டத்துல நாம இருப்போமா?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். பல வருடங்களாகக் கல்லூரியில் இந்த நாவலின் 'வரலாற்றுப் பின்னணி'யைக் குறிப்பெடுக்கச் சொல்லிக் கொடுத்தவள். விசயாலயன், ஆதித்தன், பராந்தகன், கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன் என்று வம்சாவளி சொல்வேன். தக்கோலப் போர், கடற்படை, ஏரி, கோயில் என்று வரிசையாக வரும். கல்கிக்குக் கைகொடுத்த நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் நூல்களையும் குறிப்பிடுவேன். பத்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என் குறிப்புகளில் ஒரு வரி பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. என் சண்டை கல்கியோடு அல்ல. அவர் நாவல் எழுதினார், நன்றாக எழுதினார். அரசியல் பேசுகிற குந்தவையையும், நடுக்கடலில் தனியாகப் படகு செலுத்துகிற பூங்குழலியையும் எங்கள் பிள்ளைகளுக்கு அவர்தான் கொடுத்தார். என் சண்டை, அந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கிற நம்மோடு. வரலாற்றுப் பின்னணி என்ற பெயரில் நாம் ராசாக்களின் குடும்ப அட்டையைத்தான் வாசித்துக் காட்டுகிறோம். 2022இலும் 2023இலும் படங்கள் வந்தபிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. பள்ளி விழா மேடையில் பையன்கள் புலிக்கொடி பிடிக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு நகையும் கொண்டையும். பின்னணி என்பது இப்போது பெருமை என்பதற்கு இன்னொரு சொல்.

முதலில் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேனிப் பக்கத்துப் பிள்ளை சோழக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு யாரும் சொல்வதில்லை, இந்த மண் அன்றைக்குப் பாண்டிய நாடு என்று. பக்கத்தில் சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள் பாண்டியருடையவை. அவற்றில் வருகிற இராசசிம்மன்தான் பராந்தக சோழனிடம் தோற்று, மணிமுடியை இலங்கை அரசனிடம் விட்டுப்போனவன். நாவலில் எல்லோரும் தேடுகிற அந்த முடி நம் பக்கத்துக் கதை. அதாவது நாவலின் வரைபடத்தில் எங்கள் ஊர் எதிரியின் நிலம். வீரபாண்டியனுக்காகப் பழிவாங்க நிற்கிற நந்தினியின் பக்கம். இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "அப்ப நம்மதான் வில்லியா டீச்சர்?"

வில்லி என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிறோம் என்று பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற முக்கியமான சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிற அந்தக் கல்லில், கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று ஆண்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் சோழ அரசிடம் பட்டம் பெற்ற அதிகாரிகள். நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. நாவலில் ரவிதாசன் இருக்கிறான், சதிகாரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நாவலை மூடிவைத்த பிறகு எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் அந்தக் கொலைக்கு ஒரு பெண்ணின் முகம்தான் இருக்கிறது. அழகு, விஷம், பழி என்று அந்த முகத்தை விவரிப்பார்கள். கற்பனை செய்ய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. கற்பனை எங்கே தொடங்குகிறது என்று காட்ட வேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. அதைச் செய்யாமல் விட்டால், ஆட்சியைக் கெடுத்தவள் பெண் என்ற பழைய பாடத்தை வரலாறு என்று முத்திரை குத்திக் கொடுக்கிறோம்.

அதே கல்வெட்டில் பெண்கள் வேறொரு வழியில் வருகிறார்கள். துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்கிற ஆணை, உறவை விரித்துக்கொண்டே போகிறது. தம்பிகள், மக்கள், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்களுடைய சகோதரிகளைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் வரை எல்லோருடைய சொத்தும் போகிறது. அந்தச் சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் பெயர் இல்லை. சொத்தும் தண்டனையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற பாதையாக மட்டுமே அவர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்துக் காட்டியபோது ஒரு பிள்ளை சொன்னாள்: "எங்க சித்தப்பா கேஸுலயும் இப்படித்தான் டீச்சர், அத்தை வீட்டையும் சேத்து எழுதிட்டாங்க." அவளுக்குக் கல்வெட்டு புரிந்துவிட்டது. வம்சாவளி அட்டவணை அவளுக்கு ஒருநாளும் இப்படிப் புரிந்ததில்லை.

இனி, தஞ்சாவூர். நாவலின் கதை முடிந்து நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் நீளமான கல்வெட்டு ஒன்று வெட்டப்பட்டது. 1890களிலேயே ஹுல்ஷ் அதைப் பதிப்பித்துவிட்டார். நானூறு பெண்களின் பட்டியல் அது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைச் சொல்கிறது. கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, தென்சிறகு வடசிறகு என்று பிரித்து, முதல் வீட்டில் இன்னார், இரண்டாம் வீட்டில் இன்னார் என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள். சேரமங்கை, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம் என்று போகிறது வரிசை. பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நக்கன் என்ற அடைமொழி. ஒவ்வொருவரும் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்றும் இருக்கிறது. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை. ஆமாம், நாவலில் குந்தவையும் வானதியும் உலவுகிற அதே பழையாறை. அந்த அரண்மனைக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார் கல்கி! அதே ஊரின் கோயில்களில் இருந்த பெண்களுக்கு நம் வகுப்பில் ஒரு வரிகூட இல்லை.

ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆட்டுவிக்கிற நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. ஒரு பங்குக்குக் குறைவாகப் பெற்ற ஆண் பணியாளர்களும் அந்தக் கல்வெட்டில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் சட்டென்று பிடித்தது. "தோட்டத்துலயும் அப்படித்தான். மருந்தடிக்கிற ஆம்பளைக்கு ஒரு கூலி, காயெடுக்கிற பொம்பளைக்கு ஒரு கூலி" என்றாள் ஒருத்தி. கூடவே அடுத்த கேள்வி: "அவங்கள வாரீங்களான்னு கேட்டாங்களா டீச்சர், இல்ல கூட்டிட்டு வந்துட்டாங்களா?"

கல் அதைச் சொல்லவில்லை. இதைப் பிள்ளைகளிடம் நேராகவே சொன்னேன். அந்தப் பெண்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டுவதும் தவறு. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றிய தமது நூலில் (2000) லெஸ்லி ஓர், அவர்களைப் பிற்காலத்துத் தேவதாசி என்ற சட்டகத்துக்குள் அடைத்துவிட முடியாது என்கிறார். சொத்து வைத்திருந்தவர்களாகவும் கோயிலுக்குக் கொடை தந்தவர்களாகவும் கல்வெட்டுகளில் அவர்கள் வருவதை எடுத்துக் காட்டுகிறார். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும். பெயரும் வீடும் நெல்லும் பெற்றவர்கள் அவர்கள். அரச ஆணையால் சொந்த ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களும் அவர்கள்தான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது சிக்கலாக இருக்கும் என்கிறார்கள். மலையில் கூலி கிடைக்கிறது என்பதும், மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்தால் உயிர் போகும் என்பதும் ஒன்றாக உண்மை என்று தெரிந்து வளர்கிறவளுக்கு இதில் என்ன சிக்கல்?

போரையும் இப்படித்தான் கற்பிக்க வேண்டும். வென்றவனின் மெய்க்கீர்த்தி மட்டும் நம் பாடத்தில் இருக்கிறது. 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு சாளுக்கியர் பக்கத்தில் நின்று பேசுகிறது. சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, பெண்களைப் பிடித்துச் சென்றது என்று குற்றம் சாட்டுகிறது. எதிரி மிகைப்படுத்தியிருக்கலாம். அப்படியானால் மெய்க்கீர்த்தி மிகைப்படுத்தவில்லையா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிவதுதானே வரலாறு படிப்பது?

இன்னொரு பின்னணியை நாம் முழுதாகவே மறந்துவிட்டோம். பொன்னியின் செல்வன் பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டதல்ல. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. அந்தக் காலமும் நாவலின் வரலாற்றுப் பின்னணிதான். தொடர் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்னால்தான், 1947இல், முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்கும் முன்பே, 1936இல், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையின் உள்ளிருந்து 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதியிருந்தார். தொடர் வந்துகொண்டிருக்கும்போதே, 1951 செப்டம்பரில், இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதை முக்கியமான காரணமாகச் சொல்லி அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பெண்ணுக்குச் சொத்து, விவாகரத்து என்று கேட்டதுதான் அந்த மசோதாவின் குற்றம். தஞ்சைக் கோயிலுக்குத் தன் பொன்னை எடுத்துக்கொடுத்த குந்தவையைப் படித்து வீடுகள் பூரித்துக்கொண்டிருந்த நாட்களில், அந்த வீட்டு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குச் சமமான பங்கு இல்லை. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆக வேண்டியிருந்தது.

அதே நாட்களில் முதல் பொதுத்தேர்தலும் நடந்தது. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிவானது. அப்படிப் பதிவானவர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு மதிலில் நானூறு பெண்கள் பெயரோடு இருக்கிறார்கள். 1951இல் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பட்டியலில் சேரப் பெயர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிற பிள்ளை, பொற்காலம் என்ற சொல்லையும் முன்னேற்றம் என்ற சொல்லையும் இனிமேல் அப்படியே விழுங்கமாட்டாள்.

இதற்கு வருகிற மறுப்புகள் எனக்கு மனப்பாடம். "கதையைக் கதையாகப் படிக்க விடுங்கள்" என்பார்கள். விடத் தயார். ஆனால் கதையை வரலாறு என்று மேடையில் முழங்குவது யார்? அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு என்னிடம் வாருங்கள். "இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய காலத்தைப் பார்க்கலாமா?" என்பார்கள். பெருமைப்படும்போது மட்டும் அந்தக் கண்ணாடி எங்கே போனது? "நாவலின் அழகு கெட்டுவிடும்" என்பார்கள். எங்கள் வகுப்பில் நடந்தது நேர்மாறு. நாவலில் ரகசியம் எல்லாம் தெரிந்த மந்தாகினி ஏன் ஊமையாக இருக்கிறாள், சேந்தன் அமுதனை வளர்த்த தாயும் ஏன் ஊமை, படகோட்டிய பூங்குழலி கடைசியில் ஏன் அரண்மனைக்குள் போக வேண்டியிருந்தது என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நாவலை இதைவிட நெருங்கிப் படிக்க முடியுமா? இலக்கிய வகுப்பு என்று நாம் சொல்வது இதைத்தானே?

பக்கத்தில் ஒரு பள்ளியில் இந்த நாவலின் பின்னணி பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். தளிச்சேரிப் பெண்கள் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பொறுப்பில் இருந்தவர் தயங்கினார். "வயசுப் பிள்ளைக மேடம். இதெல்லாம் வேண்டாம். கோயில் கட்டுனது, கப்பல் விட்டதுன்னு நல்லதா சொல்லுங்க." வயசுப் பிள்ளைகளாம். அந்த வயதில்தான் பத்தாவதோடு நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வருகிறது. அந்த வயதில்தான் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். லீவு நாளில் ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று கூப்பிடுகிறார்கள். அவள் உடம்பையும் உழைப்பையும் பற்றிய முடிவுகள் எல்லாம் எடுக்கப்படுகிற வயதில், உடம்பையும் உழைப்பையும் பற்றிய வரலாறு மட்டும் அவளுக்கு ஆகாது! அந்தப் பேச்சுக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. போய், கப்பலில் தொடங்கி, கப்பலுக்குக் கயிறு திரித்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக ராசிங்காபுரத்தில் ஒரு காரியம் செய்தோம். தஞ்சை மதிலின் முறைப்படியே, அவரவர் தெருவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, வீட்டுப் பெண்ணின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன வேலை, என்ன கூலி. இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்தன. முதலில் பிள்ளைகள் கவனித்தது, தெருவில் உள்ள கல்யாணமான பெண்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சிலமலை, தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம். "இவங்கள மட்டும் கேட்டா கூட்டிட்டு வந்தாங்க?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அடுத்தது, பெயர் தெரியாத வீடுகள். பக்கத்து வீட்டு அம்மாவைப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். பெயர் தெரியவில்லை. இன்னார் அம்மா, இன்னார் வீட்டுக்காரம்மா என்றே இருந்துவிட்டார்கள். தோட்டத்துக் கங்காணியின் நோட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருத்தி தன் அம்மாவிடம் கேட்டு வந்தாள். ஜீப்புக்கு இத்தனை ஆள் என்று எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறதாம். அம்மாச்சியின் அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. சேரமங்கையைத் தெரிகிறது. அம்மாச்சியைப் பெற்றவளைத் தெரியவில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அடுத்த வாரம் எட்டுப் பெயர்கள் வந்தன. நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

முதலில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாவது முடித்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு முதுகு முடியவில்லை. இப்போது அவள்தான் ஜீப்பில் போகிறாள். நானும் போய்ப் பேசினேன், பலிக்கவில்லை. வரலாற்றைச் சரியாகக் கற்பித்தால் ஒரு பிள்ளையின் படிப்பு காப்பாற்றப்படும் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் இன்னும் புத்தகம் வாங்கிப் போகிறாள். மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். போன மாதம் ஜீப்பிலிருந்து இறங்கி, கையெல்லாம் ஏலக்காய்க் கறையோடு வந்து நின்று, "டீச்சர், கங்காணிகிட்ட எம்பேர எழுதச் சொன்னேன்" என்றாள். எழுதினாரா என்று கேட்டேன். "சிரிச்சாரு. நாளைக்கும் சொல்லுவேன்" என்றாள்.

வகுப்பறைக்குப் போகிற தோழிகளுக்கும், நாளை ஆசிரியராகப் போகிற மாணவிகளுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். பொன்னியின் செல்வன் என்றில்லை, எந்தப் பழைய நாவலை எடுத்தாலும் வம்சாவளியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் கேள்வியை எழுதுங்கள். நம்மள மாதிரி ஆளுக அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க? பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்த இடத்தில் பெயரைச் சொல்லுங்கள். நானூறு பெயர்களையும் சொல்ல வகுப்பில் நேரம் இருக்காது. நாலு பெயராவது சொல்லுங்கள்.